சத்தம் வண்டியை இழுக்காது

செங்கொடியிடம் யாராவது "உனக்கு இத்தப் பத்தித் தெரியாதுக்கா" என்று ஆரம்பித்தால், அவள் முதலில் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவாள். தூக்கி எறிந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான். அந்த வாரத்தில் மட்டும் ஏழு முறை கீழே வைத்தாகிவிட்டது. எல்லாம் ஒரு பைப்பால் வந்த வினை.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. வியாசர்பாடியில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோது அறுபது பேரில் ஒரே பெண். தேர்ச்சியில் இரண்டாம் இடம். கார் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வந்தபோது, அவளுக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய நான்கு பேரை என்ஜின் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். அவளை சீட் உறை தைக்கிற பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போட்டார்கள். அந்த நான்கு பேரில் ஒருவனுக்கு டர்போ எப்படி வேலை செய்கிறது என்று தேர்வுக்கு முந்தின நாள் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஒன்பது வருடம் தைத்தாள். ஒரு நாள் ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். வெளியே வந்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் தகரக் கூரை போட்டு ஷெட் வைத்தாள். பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இன்றைக்கும் புதிதாக வருகிறவன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லியாம்மா?" என்றுதான் கேட்கிறான்.

டோல்கேட் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் பன்னிரண்டு வண்டிகள். பன்னிரண்டும் சர்வீசுக்கு அவளிடம்தான் வரும். அந்த வண்டிகள் நின்றுபோனால் ஷெட்டும் நின்றுபோகும் என்பது அவளுக்கும் தெரியும், ஸ்டாண்டுக்கும் தெரியும்.

பைப்பை முதலில் கொண்டு வந்தவன் பிராங்கிளின். ராயபுரத்துப் பையன், முப்பத்திரண்டு வயது. எட்டு வருடம் காசிமேட்டு விசைப்படகில் என்ஜின் டிரைவராக இருந்துவிட்டு, டீசல் கார் ஒன்றை வாங்கி டாக்ஸிக்கு விட்டவன். யாரோ ஒருவன் செல்போனில் போட்ட வீடியோவைப் பார்த்து, மலிவு விலை 'பவர் கிட்' ஒன்றை வரவழைத்திருந்தான். வளைந்த அலுமினியக் குழாய், அதன் முனையில் சிவப்புக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். கார் கம்பெனி பொருத்திய காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் என்ஜினுக்கு நிறையக் காற்று கிடைக்கும், பதினைந்து குதிரைச் சக்தி ஏறும் என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருந்தது.

அவனே மாட்டிக்கொண்டு வந்தான். மூன்று வாரம் ஓட்டியும் விட்டான். ஸ்டாண்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பதினோரு டிரைவர்களும் சுற்றி நின்று வாய் பிளந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சௌக்கத் அலி ஷெட்டுக்கு வந்தார். ஸ்டாண்டில் மூத்தவர். எதையும் நேராகச் சொல்லிவிடுகிற ஆள்.

"இன்னாமா செங்கொடி, பசங்கோ எல்லாம் பைப்பு கேக்கறானுங்கோ. பதினோரு செட்டு சொல்லிவெச்சிக்கீறோம். திங்கக்கெழம வருது. நீ மாட்டித் தர்றியா?"

"மாட்ட மாட்டேன் பாய்."

"ஏம்மா?"

"அது பவரு ஏத்தாது. என்ஜினத் தின்னும்."

"பிராங்கு வண்டி சும்மா பிச்சிகினு போவுதே?"

"அவன் பழைய பேப்பர் ஃபில்டர ஒன்ற வருசமா மாத்தல. மூணு தபா சொன்னேன், காதுல வாங்கல. அது செங்கல்லு மாரி அடைச்சிகினு கெடந்துது. அத்த எடுத்துட்டு எத்த வெச்சாலும் இழுக்கத்தான் செய்யும். ஒரு பனியன வெச்சாக்கூட இழுக்கும்."

அவரோடு வந்து பின்னால் நின்ற பிராங்கிளினுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உனக்கு இத்தப் பத்தித் தெரியாதுக்கா. நான் கடல்ல போட்டு ஓட்டுனவன். போட்டு என்ஜின்ல ஃபில்டர் பேப்பர உருவிப் போட்டுட்டு மூக்கத் தொறந்து வுட்டுதான் ஓட்டுவோம். அப்பத்தான் வேகம் வரும். எட்டு வருசம். ஒரு பிஸ்டனு போனதில்ல."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். எட்டாவது முறை.

"நைனா, கடலுக்கு நடுவுல எந்தக் கன்டெய்னர் லாரி புழுதி கெளப்புது?"

"இன்னா?"

"நீ பத்து பாகம் ஆழம் தாண்டிப் போனா அங்க தூசு ஏது? அங்க மூக்கத் தொறந்து வெச்சே, சரி. இங்க எண்ணூர் ரோட்ல மூக்கத் தொறந்து வெச்சிகினு எங்கடா போற?"

பிராங்கிளின் விடவில்லை. "அந்த வீடியோக்காரன் இன்னா கேனையா? ரெண்டு லட்சம் பேரு பாத்துக்கீறான்."

இதுதான் செங்கொடியை எரிய வைத்தது. இருபது வயதில் ஒருவன், வாடகைக் காரின் முன்னால் நின்று கறுப்புக் கண்ணாடி போட்டுப் பேசினால் அது அறிவியல். படித்து, கையைக் கறையாக்கி, பதினைந்து வருடம் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய ஒரு வியாசர்பாடிப் பொம்பளை பேசினால் அது அபிப்பிராயம். பார்த்தவன் எண்ணிக்கையை வைத்து ஒன்று உண்மையாகிறது என்றால், பால் குடித்த பிள்ளையார் சிலையும் உண்மைதான்.

சௌக்கத் அலி சமாதானமாகச் சொல்லிப் பார்த்தார். "கோவப்படாதம்மா. நீ மாட்டலன்னா பசங்கோ மணலி பக்கம் ஒரு ஷெட்டு பாத்து வெச்சிக்கீறானுங்கோ. அப்பால சர்வீசும் அங்கியே போய்டும். நான் சொன்னா கேக்க மாட்டானுங்கோ. அத்த யோசி."

மாட்டினால் பன்னிரண்டு என்ஜின்கள் கெடும், கெட்டதும் பழி அவள் மேல் விழும். மாட்டாவிட்டால் பன்னிரண்டு வண்டிகளும் போகும். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம காலைல எல்லாரும் வாங்கோ. பிராங்கு ஓட்டட்டும். பைப்பு நல்லாக்கீதுன்னு வந்தா, நானே பன்னெண்டு வண்டிக்கும் சும்மா மாட்டித் தர்றேன்."

அவள் கணவன் ஜெயவேலுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே காதில் மாட்டுகிற சத்தத்தடுப்பான் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டாள். "எதுக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "ஒருத்தன் காதால வண்டி ஓட்டறான். காத அடைச்சா எத்தால ஓட்டுவான்னு பாக்கணும்" என்றாள்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, யார்டுக்குப் பின்னால் ஆளில்லாமல் கிடக்கும் நேர் சாலையில் எல்லோரும் கூடினார்கள். இட்லிப் பொட்டலத்தோடு வந்தவர்களும் உண்டு. செங்கொடி விதிகளைச் சொன்னாள். வண்டியில் ஒரு தடவை சிவப்புப் பைப் இருக்கும், ஒரு தடவை கம்பெனி காற்றுப் பெட்டி புது பேப்பர் ஃபில்டரோடு இருக்கும். எது எப்போது என்று நாணயம் சுண்டிப் பார்த்து அவள் மட்டும் முடிவு செய்வாள். அவள் மாற்றும்போது எல்லோரும் திரும்பி நிற்க வேண்டும். ஓடும்போது பானெட் மூடியிருக்கும், பிராங்கிளின் காது மூடியிருக்கும். மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து அறுபது வேகம் வரை அவன் மிதிக்க வேண்டும். பக்கத்தில் சௌக்கத் அலி சாலையையும் பார்த்துக்கொண்டு நேரமும் எடுப்பார். ஆறு ஓட்டம். ஒவ்வொன்றும் முடிந்ததும் எது என்று பிராங்கிளின் சொல்ல வேண்டும்.

"ஒரே ஓட்டம் போதாதாக்கா?"

"ஒரே ஓட்டம்னா குருட்டாம்போக்குல சொல்லிடுவ. ஆறு ஓட்டு."

முதல் நான்கு ஓட்டங்களில் அவன் மூன்று முறை "பைப்பு" என்றான். ஐந்தாவது ஓட்டத்தில் வண்டியை நிறுத்தும் முன்பே கையைத் தூக்கிவிட்டான். காதை அடைத்திருந்ததால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

"இதாங்க்கா! இதான் பைப்பு! மெய்யாலுமே பறக்குதுக்கா!"

செங்கொடி பானெட்டைத் தூக்கினாள். உள்ளே கறுப்பு நிறத்தில், அசிங்கமாக, அமைதியாகக் கம்பெனி காற்றுப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

சிரித்த சிரிப்பில் ஒருவனுக்கு இட்லி தொண்டையில் அடைத்துக்கொண்டது. "இன்னா மாமு, பறந்தது பேப்பரா?" "டேய், பேப்பர்ன்னா பறக்கத்தான்டா செய்யும்!" பிராங்கிளின் காதிலிருந்ததைக் கழற்றி, "இன்னா சொல்றானுங்கோ?" என்று கேட்டதும் மறுபடி சிரிப்பு.

ஆறாவதையும் ஓட்ட வைத்தாள். ஆறில் அவன் சரியாகச் சொன்னது இரண்டு. நேரக் கணக்கைச் சௌக்கத் அலி செல்போனிலிருந்து வாசித்தார். பெட்டியோடு ஓடிய மூன்றும் ஆறு விநாடிக்குப் பக்கம். பைப்போடு ஓடிய மூன்றும் அதைவிடக் கால் விநாடி அதிகம்.

"கொஞ்சந்தானே?" என்றான் ஒருவன்.

"கொஞ்சந்தான். ஆனா எந்தப் பக்கம் கொஞ்சம்? பதினஞ்சு குதிர ஏறும்னானே, கட்டி வெச்ச குதிரைல ஒண்ணு அவுத்துகினு பூட்ச்சே!" ஸ்கேனர் கருவியைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாரு. பெட்டி வெளிக் காத்த இழுக்குது, முப்பத்து நாலு டிகிரி. உன் பைப்பு என்ஜின் பக்கத்துல ஒக்காந்துகினு அந்த அனல் காத்தையே இழுக்குது. அறுபத்து மூணு. சூட்டுக் காத்துல என்ஜினுக்கு வேண்டிய ஆக்சிஜன் கம்மியாக் கீது. இத்த எந்த வீடியோவுல சொன்னான்?"

"அப்ப அந்தச் சத்தம்?"

"சத்தம் வண்டிய இழுக்காது நைனா."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிராங்கிளினின் முகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போட்டில் எட்டு வருடம் என்பது அந்த முகத்தில் அப்படியே இருந்தது. அவள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, ஃபில்டரைத் தாண்டிக் குழாயின் உள்பக்கத்தைத் துடைத்தாள். ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் துணி வெள்ளையாகவே திரும்ப வேண்டும். சாம்பல் கலந்த கறுப்பாக வந்தது.

"தொட்டுப் பாரு."

பிராங்கிளின் இரண்டு விரலால் தேய்த்தான். நறநறவென்றது.

"மூணு வாரம். இம்மாம் பொடி உள்ள போயி சிலிண்டர அரைச்சிகினு கீது. உப்புத் தாள் வெச்சித் தேய்க்கற மாரி." சிவப்புக் கூம்பை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். வலையில் அங்கங்கே ஊசி ஊசியாக வெளிச்சம். "மலிவா வித்தா இப்பிடித்தான் இருக்கும். போட்டுல வராத தூசு இங்க வரும்டா. துறைமுகத்து நிலக்கரி, பவர்ஹவுஸ் சாம்பலு, லாரி மண்ணு. மத்த ஊர்ல இத்த மாட்டுனவன் பேராசக்காரன். இங்க மாட்டுனா தற்கொல."

சௌக்கத் அலி அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். அதே நேரத்தில் அவருக்கு வழக்கமாக வரும் இருமல் வந்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

செங்கொடிக்கு ஆத்திரம் பைப்பை விட்டு வேறு எங்கோ திரும்பியது. இந்தப் பொடி என்ன என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். துவைத்துக் காயப்போட்ட துணியில் விழுவதும், சோற்றுப் பானை மூடியில் படிவதும், பிள்ளை சளியில் வருவதும் இதுவேதான். மனுக் கொடுத்து, மறியல் செய்து, கேட்டுக் கேட்டு அலுத்த ஊர். அளந்து சொல்ல வேண்டிய அதிகாரிகள் அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே ஒரு கைத்துணி போதும்.

"வண்டிக்காவது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பேப்பர் மாத்தறோம்," என்றாள், யாரையும் பார்க்காமல். "உங்க நெஞ்சுக்கு எத்த மாத்துவீங்கோ பாய்? பதினஞ்சு குதிரைக்கு வரிசைல நிக்கறானுங்கோ. இந்தக் கரியப் பத்திக் கேக்க ஸ்டாண்டுலேர்ந்து ஒருத்தனாவது வரிசைல நின்னீங்களா?"

சௌக்கத் அலி நிமிர்ந்தார். செல்போனை எடுத்து, பைப் சொல்லியிருந்த ஆளைக் கூப்பிட்டார். "நாந்தாம்பா. அந்தப் பதினோரு செட்டு வேணாம். ... இல்ல, வேற எடத்துல மலிவால்லாம் கெடைக்கல. மெக்கானிக்கு வேணான்ட்டாங்கோ."

மெக்கானிக் என்றார். செங்கொடி ஸ்கேனர் வயரைச் சுருட்டிக்கொண்டே அதைக் கேட்டாள்.

கூட்டம் கலைந்தது. கிளம்பும் முன் நான்கு பேர் பேப்பர் ஃபில்டர் மாற்ற நாள் கேட்டார்கள். பிராங்கிளின் மட்டும் நின்றான். அவள் அவன் வண்டியின் காற்றளவு சென்சாரில் அந்தச் சிவப்பு ஃபில்டரிலிருந்து வந்து படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெட்டியை இறுக்கி, பானெட்டை மூடும்வரை காத்திருந்தான். சிவப்புக் கூம்பு அவன் கை அடக்கத்தில் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

"அக்கா. ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது."

"கேளு."

"எங்க அண்ணன் இன்னும் போட்டுலதான் கீறான். இத்த அந்த என்ஜினுக்கு மாட்டுனா இன்னா?"

செங்கொடியின் கையிலிருந்த ஸ்பேனர் தானாக உயர்ந்தது. பிறகு நின்றது. கேள்வி தப்பான கேள்வி இல்லை. அங்கே தூசு கிடையாது. அவள் சொன்ன காரணமே அவள் மேல் திரும்பி வந்து நிற்கிறது. அதைத் தட்டிவிட்டால் அப்புறம் அவளுக்கும் அந்த வீடியோக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

"மாட்டலாம்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வாய் அளவு சேந்துச்சின்னா மாட்டலாம். கெட்டுப் போவாது. ஆனா பவரும் ஏறாது, அத்தயும் கேட்டுக்கோ."

"பரவால்லக்கா." பிராங்கிளினின் முகம் மலர்ந்துவிட்டது. "சத்தம் வருமில்ல?"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பிராங்கிளின் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டான். புதுப் பேப்பர் ஃபில்டரோடு சத்தமே இல்லாமல் கிளம்பிய வண்டிக்குள்ளிருந்து, அவனே வாயால் 'உஸ்ஸ்' என்று ஊதிக்கொண்டு போவது சாலை முனைவரைக்கும் கேட்டது.