குலுங்காத மேசை

யுத்த காலத்தில் மதுரங்குளிக்குப் பக்கத்தில், பிரதான வீதியோரமாக இருந்த ஒரு கால்நடை ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நாடே மனிதர்களைக் குறைப்பதில் மும்முரமாக இருக்க, நாங்கள் மட்டும் மாடுகளைப் பெருக்க மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தோம்.

இறைச்சிக்கடையிலிருந்து வரும் மாட்டுச் சூலகத்தில் முட்டையை உறிஞ்சி எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரேயொரு விந்தணுவை உள்ளே விட வேண்டும். கண்ணாடிக் குழாயைச் சுடரில் இளக்கி இழுத்து ஊசியை நானே செய்வேன். அது முட்டையைத் தொடும் நேரமாகப் பார்த்து வீதியில் இராணுவ லொறி போகும். மேசை நடுங்கும். முட்டை வெடிக்கும்.

எங்கள் டொக்டர் சிலாபத்துக்காரர். எதையும் கடிதத்தால் தீர்க்கலாம் என்று நம்பியவர். மாட்டு முட்டை உடைகிறது, அதிராத மேசை ஒன்று வெளிநாட்டிலிருந்து தேவை என்று மேலிடத்துக்கு எழுதினார். பல மாதங்களுக்குப் பிறகு பதில் வந்தது. மாடு முட்டையிடுவதில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டிக் கோப்பை மூடியிருந்தார்கள்.

என் கணவருக்குப் பக்கத்து ஊரான முந்தலில் டயர் ஒட்டும் கடை. அவரிடம் கேட்டேன்.

"மோட்டார் சைக்கிள் டியூப் ரெண்டு தருவீங்களா? நுணுக்குக்காட்டிக்குக் கீழ வைக்கணும்."

"மாடு தன்ட பாட்டுல கண்டுக்குட்டி போட்டுக்கிட்டு ஈக்கு. அதுக்கு என்னத்துக்கு என்ட டியூப்?"

சிரித்தவர், மறுநாள் காலையில் டியூபோடு, கழிவுநீர்க் கான் மூடும் சீமெந்துப் பலகை ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டியூபின் மேல் பலகை, பலகையின் மேல் நுணுக்குக்காட்டி. டொக்டர் காற்றடிக்கப் போனார்.

"முழுக்க அடிச்சா துள்ளும் டொக்டர். பாதி அடிச்சாலே காணும்" என்றார் கணவர்.

அன்று லொறிகள் வரிசையாகப் போயின. முட்டை அசையவில்லை. ஊசியை விட்டு வெளியே எடுக்கும்வரை நான் மூச்சே விடவில்லை. அடுத்த நாள் அது கருவாகி இரண்டாகப் பிரிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "கண்டுக்குட்டி எங்க?" என்றார்.

கன்று கடைசிவரை வரவில்லை. ஆனால் கொழும்புக் கூட்டத்தில் டொக்டர் 'உள்நாட்டுக் காற்றழுத்த அதிர்வுத் தடுப்பு மேடை' பற்றி நீளமாக வாசித்தார். கைதட்டினார்களாம். உதவியவர்கள் பட்டியலில் நான் இருந்தேன், டயர்கடை இல்லை. வீட்டில் சொன்னேன்.

"பரவால்ல. காத்து இறங்கினா மட்டும் கூப்பிடச் சொல்லு" என்றார்.

வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள்.