அப்பாவுக்குச் சேராத பூ

என் அப்பா ஞானதாசன் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்தார். அவர் தும்மினால் பேருந்து நின்றுவிடும். விசில் என்று நினைத்து ஓட்டுநர் பகவதியப்பன் பிரேக்கை மிதிப்பார்.

"லேய் ஞானதாசா, விசிலுக்கு நிறுத்தவா, ஒனக்க மூக்குக்கு நிறுத்தவா?"

ஓய்வுக்குப் பிறகு தும்மல் மூச்சிழுப்பாக மாறியது. எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில், மலை முடிந்து காற்று திறக்கும் இடத்தில். எனக்கு அங்கேயே காற்றாலைப் பராமரிப்பு வேலை. மூன்று வருடம் அப்பாவின் இழுப்பைக் குறித்து வைத்தேன். தை முதல் பங்குனி வரை அதிகம். வீட்டுக்கு வடகிழக்கே நின்ற உடைமரங்கள் பூப்பதும் அப்போதுதான். காற்று வருவதும் அங்கிருந்துதான். போன வருடம் இயந்திரம் வைத்துப் பதினான்கு மரங்களையும் பிடுங்கினேன். அப்பா வேலையாட்களுக்குத் தேநீர் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இழுப்பு குறையவில்லை.

சனிக்கிழமைதோறும் அவர் தோவாளைச் சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி வந்து ஞாயிறு ஆராதனைக்காகத் தேவாலயப் பீடத்துக்குக் கட்டுவார். இந்த மாசியில் ஒரு சனிக்கிழமை, கட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் மூச்சு திணறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை, இறப்பைப் பதிய ஆதார் அட்டை தேடினேன். அவருடைய பழைய தோல்பையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஒவ்வாமைப் பரிசோதனை. சிவந்திப்பூ, கேந்திப்பூ இரண்டுக்கும் கீழே மருத்துவர் சிவப்புக் கோடு போட்டிருந்தார். உடைமரத்துக்கு நேரே 'இல்லை'.

என் குறிப்புகளை மறுபடி பார்த்தேன். பெரும்பாலும் சனி இரவு, ஞாயிறு காலை. சந்தையில் சிவந்தி குவியும் மாதங்களில் கூடுதல். நான் மாதம் மாதமாகப் பிரித்திருந்தேன். கிழமையாகப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. முற்றத்தில் இருந்த சவப்பெட்டிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மாலையோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினேன்.

அப்பாவின் தங்கை தேவகனி அத்தை என் கையைப் பிடித்தாள். "ஏட்டி ரெஜிலா, பெட்டிய இப்பிடி மொட்டையாட்டா கொண்டு போவ?"

"பூ அவருக்குச் சேராது அத்தை."

"இனி என்னட்டி சேராம போவ?"

கையை உதறிவிட்டு வாசலுக்குப் போனேன். பகவதியப்பன் மாமா வந்துகொண்டிருந்தார். தோளில் ஆள் உயரத்துக்குச் சிவந்தி மாலை.

"வேண்டாம் மாமா. டெஸ்ட்ல இதுதான் வந்திருக்கு."

"தெரியும் மக்கா. டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். மரத்தப் பிடுங்கினப்பவாவது சொல்லுலேன்னேன். 'உடைமரத்தையே அவ விட்டு வைக்கல்ல. இதச் சொன்னா தோவாளைச் சந்தைய மிஷின் வச்சி இடிச்சிருவா'ன்னான்." சிரித்தார். அடுத்த நொடி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "பூக் கட்டுகத விடுலேன்னு எத்தன தடவ சொன்னேன். 'அப்பறம் கோயில்ல எனக்கு என்னலே வேலை'ன்னான்."

அன்று காலை ஆராதனையிலும் பீடத்தில் இருந்தது அவர் கட்டிய பூதான்.

மாலையை வாங்கிக்கொண்டேன். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. பெட்டிக்குத் தென்மேற்கே, சுவர் மூலைவரை போனேன். மாலையை உதறினேன். மஞ்சள் தூள் சுவரைத் தாண்டிப் போனது. மறுபடி உதறினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூள் வருவது நிற்கும்வரை உதறினேன்.

பிறகு கொண்டுபோய் அவர் நெஞ்சில் வைத்தேன். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.