கால் இல்லாத அம்மப்பா

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வார நாட்களில் பிரெடெரிசியாவில் இறைச்சி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் அவர் வீடியோக்காரர். கோல்டிங்கிலிருந்து ஹோர்சன்ஸ் வரை எந்தத் தமிழர் வீட்டுக் கல்யாணமும் சாமத்தியவீடும் அவருடைய கமரா இல்லாமல் நடக்காது. அவர் படத்தில் மணமக்கள் அன்னத்தின் மேல் மிதப்பார்கள். வயதுக்கு வந்து பெரியபிள்ளையானவளின் முகம் தாமரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். உலகத்திலேயே பெரிய கலைஞர் மாமாதான் என்று பத்து வயதுவரை நம்பினேன்.

பதினொரு வயதில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை குறும்படங்கள் காட்டத் தொடங்கினார். களிமண்ணில் செய்த ஒரு பெண் ஏழு நிமிடம் வெங்காயம் உரித்தாள். உள்ளே அவளே சின்னதாக இருந்தாள். ஒரு நாற்காலி மாடிப்படி ஏறிப் போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, முடிவு இருந்ததா என்பதும் சந்தேகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பிடித்துவிட்டது. அதன்பிறகு மாமாவின் அன்னத்தைப் பார்த்தாலே கூச்சமாக இருந்தது.

வீட்டில் யாராவது செய்த படம் இருந்தால் கொண்டுவரும்படி ஆசிரியை கடிதம் கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்கு இந்த நாட்டு மொழியான டெனிஷ் அவ்வளவாக ஓடாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் தமிழில் சொல்வேன். அன்று பாவம் போல உள்ளதை அப்படியே சொல்லித் தொலைத்தேன். அக்காவின் சாமத்தியவீட்டு டிவிடி என் பைக்குள் ஏறியது.

அதில் ஓர் இடம் உண்டு. அம்மாவின் அப்பா, எங்கள் அம்மப்பா, அந்தச் சடங்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வர விண்ணப்பித்திருந்தார். விசா கிடைக்கவில்லை. சடங்கு முடிந்து மூன்றாம் மாதம் இறந்தும் போனார். மாமா அவருடைய பாஸ்போர்ட் படத்தை வெட்டி வானத்தில் மிதக்கவிட்டார். நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் முகிலை வைத்தார். ஆசீர்வதிக்கக் கை வேண்டுமே என்று தன் வலது கையைப் படம்பிடித்து ஒட்டினார். அந்தக் கை அக்காவின் தலையில் அறுகரிசி போட்டது. சுட்டுவிரலில் காயத்துக்கு ஒட்டிய நீலப் பிளாஸ்ரர் இருந்தது. இறைச்சிக்குள் விழுந்தாலும் கண்ணில் படட்டும் என்று தொழிற்சாலையில் நீலத்தில்தான் கொடுப்பார்கள்.

ஆசிரியை அந்த இடத்தை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். நகர நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் குறும்படக் காட்சிக்கு மாமாவை அழைத்தார்.

மாமா தன் கல்யாணத்துக்குப் போட்ட கோட் சூட்டில் வந்தார். அம்மா நாற்பது ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தார். அங்கே இருபது பேர்கூட இல்லை. இங்கே வாழ்ந்த பதினெட்டு வருஷத்தில் மாமாவுக்கு டெனிஷ் நன்றாக விளங்கும். வாய் திறந்து பேசத்தான் வெட்கம்.

"அவை கேட்டால் நான் சொல்லுறன். நீ அப்பிடியே சொல்லு, ஒண்டையும் விட்டிடாதை" என்றார். காரிலும் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதலில் நாற்காலிப் படம். அதை எடுத்த இளைஞரிடம் அர்த்தம் கேட்டார்கள். அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்றார் அவர். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. அடுத்தது எங்கள் படம். அம்மப்பா முகிலில் இறங்கியபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விளக்குப் போட்டதும் கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டார்: அந்த மனிதருக்கு ஏன் கால் இல்லை, விரலில் உள்ள நீலம் எதைக் குறிக்கிறது?

நான் தமிழில் சொல்லுமுன்பே மாமா எழுந்துவிட்டார்.

"அவர் என்ரை அப்பா. பேத்தியைப் பாக்க வரக் கேட்டவர், இஞ்சை விசா குடுக்கேல்லை. படம் மட்டும்தான் வந்தது. பாஸ்போர்ட் படத்திலை காலும் இல்லை, கையும் இல்லை. கை என்ரை. வேலையிலை வெட்டினதுக்குப் பிளாஸ்ரர். சொல்லு, பிள்ளை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசா, இறைச்சி, பிளாஸ்ரர் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்கிறார்" என்றேன் டெனிஷில்.

பலத்த கைதட்டல். கண்ணாடிப் பெண் தலையாட்டினார். மாமா கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இப்போது நானும் குறும்படங்கள் செய்கிறேன். யாராவது அர்த்தம் கேட்டால் அந்தப் பதிலைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று காரில் திரும்பி வரும்போது அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"அப்பாவுக்கு விசா குடுக்காததைச் சொன்னதுக்கே தம்பி, சனம் இப்பிடிக் கை தட்டினது?"

மாமா ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

"ஓமக்கா. பிள்ளை நல்லாச் சொன்னவள்."

ஒருவருக்கும் தெரியாமல் தப்பிவிட்டேன் என்று அந்த வயதில் எனக்கு ஒரே சந்தோஷம். வீடு வருவதற்குள் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டேன்.