இடது இறக்கையில் ஒரு ‘டொக்’

வெண்டெலின் விமானத்து இடது இறக்கைக்குள் ஏதோ கிடக்கிறதாம். வெள்ளிக்கிழமை மத்தியானம், அமெரிக்காவின் விஸ்கான்சின் வழக்கப்படி, வறுத்த மீனோடு சூடாகப் பரிமாறப்பட்ட செய்தி அது. சாயங்காலம் காற்று அடங்கியதும் அதே விமானத்தை அவர் முதன்முதலாகக் கிளப்பப் போகிறார். சோளக்காட்டை ஒட்டிய புல் ஓடுபாதையில் ஊர் அதற்குள் நாற்காலி போட்டுவிட்டது.

வெண்டெல் பால் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெட்டியில் வரும் பாகங்களைக் கோத்துக் கட்டும் விமானங்களில் எது உசத்தி என்று அவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள், மற்றவர்கள் ஒன்றைக் கட்டிப் பறந்து மரத்திலும் மோதியிருந்தார்கள். கண்ணாடியிழையா? தேய்த்தே ஆயுள் போகும், அரிப்பு இலவசம். இரும்புக் குழாய்மேல் துணி போர்த்தியதா? கூடாரத்தில் ஏறி யாராவது பறப்பார்களா? கடைசியில் அலுமினியத் தகட்டுக்கு வாக்களித்தார். ரிவெட் ஆணி அடித்து மூடினால் மூடினதுதான்.

பக்கத்துக் கொட்டகை டெல்மர் துணிக் கட்சி. “என் கூடாரத்தைப் பிளேடால கீறினா உள்ள இருக்கறது தெரியும். உன்னுது மீன் டப்பாடா!” என்பார்.

அரையங்குல ஸ்பானரை வாங்கிப்போன டெல்மர் திருப்பித் தரவேயில்லை என்று வெண்டெல் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொறுக்க முடியாத டெல்மர் புதுசாய் ஒன்று வாங்கி வந்து மேஜையில் விட்டெறிந்தார். வெண்டெல் அதை எடுத்து மேஜைக்கு மேல் மாட்டிவைத்தார். ஆகவே வதந்தியின் ஊற்றுக்கண் எதுவென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“நீதானே கெளப்பிவிட்ட?”

“நான் மீனு தின்னுட்டிருக்கேன். உன் பொண்டாட்டியக் கேளு.”

மனைவி ஆர்டிஸ்தான் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் தன் ஒல்லிக் கையை இறக்கைக்குள் விட்டு, ஆணி முனை நசுங்க இரும்புக்கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடித்தவர். வெண்டெல் போய்க் கேட்டார்.

“ஆமா, நான்தான் சொன்னேன். எறக்கையப் புரட்டினப்போ உள்ள ‘டொக்’குன்னுச்சு.”

“எங்கிட்ட சொல்லாம ஊருக்கா சொல்லுவ?”

“உங்கிட்டதான் மொதல்ல சொன்னேன். தகடு சூட்டுல மொனகுதுன்ன. நேத்து தொடைக்கறப்போ மறுபடி கேட்டுச்சு. நீ என் பேச்சைக் கேக்கமாட்ட, ஊர்ப்பேச்சைக் கேப்ப.”

வெண்டெலுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எடை பார்த்தபோது இடது சக்கரம் கொஞ்சம் கனத்திருந்தது. தரை கோணல் என்று பழியைத் தரைமேல் போட்டிருந்தார்.

சோதனைத் துளையில் விளக்கும் கண்ணாடியும் விட்டுத் தேடினார். இறக்கைக்குள் குறுக்கே நின்ற விலாச்சட்டங்கள் மறைத்தன. ஓடுபாதைப் பக்கம் யாரோ பீர் உடைக்கும் சத்தம். டெல்மர் பெரிய காந்தம் ஒன்றோடு வந்து நின்றார்.

“என் விமானத்துல இதை எங்க வச்சாலும் ஒட்டும். உன்னுது முழுக்க அலுமினியம். ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு கெடக்கு.”

காந்தம் இறக்கையின் அடித்தகட்டில் வழுக்கிப் போனது. உடம்போடு சேரும் இடம், நடு, எங்கும் சும்மா. வெண்டெல் மூச்சு விடப் போனார். விமானத்தைத் திருப்ப இறக்கையோர மடலை ஆட்டும் அலுமினியக் கம்பி ஓடுகிற இடத்தில் காந்தம் கையைச் சுண்டி இழுத்தது.

டொக்.

“சின்னதாத்தான் இருக்கும். ஒரு சுத்து சுத்திட்டு வந்து பாத்துக்கறேன்,” என்றார் வெண்டெல்.

ஆர்டிஸ் விமானத்துக்குள் ஏறி, ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் வாரைப் பூட்டிக்கொண்டார்.

“எறங்கு! மொதத் தடவை தனியாத்தான் போகணும். சட்டம்.”

“சட்டத்தையே வந்து எறக்கிவிடச் சொல்லு.”

வெண்டெல் அவரைப் பார்த்தார். வெளியே நாற்காலிகளைப் பார்த்தார். டிரில்லை எடுத்தார்.

கொஞ்சம் கை பிசகினால் துளை பெருத்துத் தகடே பாழ். ஒவ்வொரு ரிவெட்டாகத் தலை சீவினார். தகட்டின் ஓரத்தைத் தூக்கியதும் டெல்மர் விளக்கைக் காட்டினார். அரையங்குல ஸ்பானர். பிடியில் வெண்டெலே பூசிய மஞ்சள் வண்ணம். அது சாய்ந்து கிடந்த கம்பியில் புதுக் கீறல் பளபளத்தது. மேலே போனபின் ஸ்பானர் குறுக்கே சிக்கியிருந்தால் விமானம் திரும்பியிருக்காது, வெண்டெலும்தான்.

டெல்மர் ஸ்பானரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “பழசுதான் நல்ல சாமான்,” என்று வெண்டெலின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு வெளியே போய், “காத்து சரியில்லை, எல்லாரும் எந்திரிங்க!” என்று கத்தினார். சோளத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

இலையுதிர் காலத்தில் விமானம் பறந்தது, நன்றாகவே. வெண்டெலின் மேஜைக்கு மேல் இன்று இரண்டு அரையங்குல ஸ்பானர்கள் தொங்குகின்றன. டெல்மர் வரும்போதெல்லாம் இரண்டையும் பார்க்கிறார். வெண்டெல் தொண்டையைக் கனைக்கிறார்.

“காப்பி போடட்டுமா?” என்கிறார்.