அவுட் யார் பெயரில்?

பேஸ்போலில் ஒருவர் அவுட் ஆனதும் நடுவரின் வேலை முடிந்துவிடும். குறிப்பெழுதும் என் வேலை அப்போதுதான் தொடங்கும். முடித்தவருக்கு ஓர் ‘அவுட்’, அதற்கு வழி செய்தவருக்கு ஓர் ‘உதவி’ என்று அவரவர் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். கலியாண மண்டபத்தில் நன்றியுரை வாசித்து, ஒரு சித்தப்பாவின் பெயரை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு விளங்கும். ஞாயிறுகளில் நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெய் பக்கத்து மைதானத்தில் எழுதுகிறேன். மற்ற நாட்களில், புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு விமானச் சீட்டுக் கடையில் இருக்கிறேன். ஆகவே முறைப்பாட்டுக்காரர் என்னைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எறிந்தவன் கோபம்

எங்கள் அணியில் எல்லோரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். பந்து எறியும் சுதன் முதல் ஆட்டத்திலேயே ஐந்து பேரை, மூன்று தரமும் மட்டையில் பந்து படாமலே வெளியேற்றினான். அந்தப் பெருமை எறிபவருக்கான பகுதியில் தனியாக ஏறும். ஆனால் களத்தில் அவுட் செய்தவர் என்ற கட்டம், பின்னால் முகமூடியோடு குந்தியிருந்து அந்த மூன்றாவது பந்தைப் பிடித்தவருக்குத்தான். மறுநாள் காலை கடை திறக்கும்போதே சுதன் வாசலில் நின்றான்.

“அக்கா, விக்கெட் எடுத்தது நான், பேர் குந்தியிருந்தவருக்கோ?”

சப்பாத்துக் கயிறு

மரக்கறிக் கடை யோகன் அண்ணை வலது பக்கக் கோடியில் நிற்பவர். பந்து அங்கே போவது அபூர்வம். போனாலும் அவர் கைக்கு அகப்படாது. பருவம் முடியப்போகிறது, அவர் பெயருக்கு நேரே ஒரு குறிகூட இல்லை. கடைசிவரை இப்படியே இருந்தால் அடுத்த வருடம் ஞாயிறும் கடைதான் என்று அவர் மனைவி வசந்தி அக்கா சொல்லிவிட்டார். கிழமையில் அண்ணைக்கென்று இருப்பது அந்த மூன்று மணித்தியாலம்தான். பாவமாக இருந்தது. பாவம் பார்த்து எழுத முடியுமா?

ஒரு ஞாயிறு, எதிரணி அடித்த பந்து அவர்களில் ஓடிக்கொண்டிருந்த ஒருவரின் காலிலேயே பட்டது. அவர் அவுட். தடுப்பவர் யாரும் பந்தைத் தொடவில்லை. இப்படியானால் கிட்ட நின்ற தடுப்பாளர் பெயரில் எழுத வேண்டும் என்பது விதி. கிட்ட நின்றவர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே எழுதினேன். திங்கட்கிழமை யோகன் அண்ணை என் மேசையில் கையூன்றி நின்றார்.

“பிள்ளை, நான் எவ்வளவு கிட்ட நிண்டா எனக்கு எழுதுவீர்?”

தோள்

கடைசி ஆட்டம். பார்க்க வசந்தி அக்காவும் வந்திருந்தார். உயரப் போன பந்து ஒன்று நேரே அண்ணையிடம் இறங்கியது. கண்ணில் வெயில். கையுறையில் விழவில்லை, தோளில் பட்டு எகிறியது. நடுவில் நின்றவர் ஓடிவந்து, அது நிலத்தில் விழுமுன் பிடித்துவிட்டார். அவுட்! அண்ணையோ தலையைக் குனிந்தபடி தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விதியை இரண்டு தரம் வாசித்தேன். பந்தைத் திசை திருப்பி, அதனால் அவுட் விழுந்தால் திருப்பியவருக்கும் ‘உதவி’ உண்டு. அவர் பெயருக்கு நேரே அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

வசந்தி அக்கா குனிந்து தாளைப் பார்த்தார். “தவறவிட்டவருக்கும் எழுதுவீரோ?”

“நிலத்திலை விழுந்திருந்தா எழுதியிருக்க மாட்டன் அக்கா. அண்ணையின்ரை தோள் திருப்பினதாலைதான் மற்றவர் பிடிச்சவர்.”

அவர் கணவரைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார்.

“சரி, அடுத்த வருசமும் வரட்டும். ஆனா கையாலை பிடிக்கச் சொல்லும்.”

இத்தனை ஞாயிறு எழுதியதில் நான் கண்டது, யார் அவுட் என்பதில் ஒருவருக்கும் சண்டையில்லை, யாரால் அவுட் என்பதற்குத்தான் லா சப்பல் முழுவதும் என் மேசைக்கு வருகிறது.