கோணல் லேபிள்

வீட்டில் அவளுக்கு சிஐடி என்று பெயர். பாலை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டாள். புருஷன் சீக்கிரம் வந்தாலும் ஏன் என்பாள், தாமதமாக வந்தாலும் ஏன் என்பாள். அப்படிப்பட்டவள் ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை: தன் கை பட்டதை.

உடம்பு இளைக்கும் மாத்திரைகளை டப்பாவில் அடைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. பச்சை மாத்திரைகள் மூட்டையாக வந்து தட்டில் கொட்டப்படும். அள்ளிப் போட்டு, மூடியை இறுக்கி, லேபிள் ஒட்டுவாள். 'முழுக்க மூலிகை. ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது.' லேபிள் கோணலாகிவிட்டால் அந்த டப்பா கடைக்குப் போகாது. ஒட்டியவளே எடுத்துக்கொள்ளலாம், அது அங்கே வழக்கம். தங்கைக்காக அவள் அவ்வப்போது வேண்டுமென்றே கோணலாக ஒட்டினாள்.

அலுவலகத்தில் 'தண்ணி லாரி' என்று கேலி வாங்கிக்கொண்டிருந்த தங்கை இளைத்தாள். சட்டைகள் தொளதொளத்தன. கூடவே தூக்கமும் போயிற்று. கையில் பிடித்த டம்ளர் நடுங்கியது. ஒரு நாள் மாடி ஏறி வந்தவள், மூச்சு வாங்க அக்காவின் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே எதுவோ கதவை உடைத்துக்கொண்டு ஓடப் பார்ப்பதுபோல் அடித்தது.

மறுநாள் அக்கா மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இதை எந்த லேப்ல டெஸ்ட் பண்ணாங்க?"

"அதான் லேபிள்லயே போட்டிருக்கே."

"லேபிளை ஒட்டுறதே நான்தானே!"

"அப்போ உனக்குத்தான் தெரியணும்!"

கூடமே சிரித்தது. அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், முடியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கையிடம், "அதை நிறுத்துடி," என்றாள்.

"ஏன், நான் ஒல்லியானா உனக்கு வயிறு எரியுதா? கொண்டுவந்து கொடுத்தவளே நீதானே," என்று தங்கை சிரித்தாள்.

"எனக்கு பயமா இருக்கு."

தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "அக்கா, உனக்கும்தான் தொப்பை இருக்கு. நீ ஏன் ஒரு தடவைகூட இதைப் போட்டுப் பார்க்கலை?"

யோசித்தால் பதில் கிடைத்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது. தங்கை டப்பாவை மூடி மேஜை மேல் வைத்தாள். பிறகு அதைத் தொடவில்லை.

மாத்திரையை நிறுத்தியும் படபடப்பு அடங்கவில்லை. டாக்டர், "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் எதுக்குன்னு மருந்து கொடுக்கிறது?" என்று கேட்டார். அதனால் இருவரும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார்கள்.

"இது மருந்து இல்லம்மா, உணவுன்னு பதிவாகியிருக்கு," என்றார் அதிகாரி. "மருந்துன்னா விக்கிறதுக்கு முன்னாடியே சோதிப்பாங்க. இதுக்கு யாராவது புகார் கொடுத்தாத்தான்."

"யாராவது படுத்தாத்தான்னு சொல்லுங்க," என்றாள் அக்கா.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "சீல் உடையாத டப்பா இருக்கா? எங்க வாங்கினீங்க?"

கடையில் என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். பக்கத்தில் தங்கை நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கலை சார். நான் ஒட்டினது." பையிலிருந்து கோணல் லேபிள் டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள். மூட்டை, தட்டு, மேற்பார்வையாளர் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் எழுதிக்கொண்டு, டப்பாவை ஓர் உறையில் போட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார். "சரிம்மா, லேபுக்கு அனுப்பிடுறோம். போயிட்டு வாங்க."

"எந்த லேபுக்கு?"

அவர் நிமிர்ந்தார். "ஏம்மா, எங்க மேலயும் சந்தேகமா?"

"ஆமா சார்," என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.