செடிக்கு நூல் கட்டிய ஆனி மாதம்

பந்தல்குடி ரோட்டில், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு நர்சரி வந்திருக்கிறது. கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போன என்னை நிறுத்தி, கடைக்காரத் தம்பி ஒரு தொட்டியைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார். "இது புதுசும்மா. ஆப்பிரிக்காச் செடி, நேட்டால் பிளம். பழம் செக்கச்செவேல்னு இருக்குமாம். நம்ம வெயிலுக்குத் தாங்குமான்னுதான் தெரியல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாங்குமா என்று என்னிடம் அல்லவா கேட்க வேண்டும்! தொட்டியில் ஒரே ஒரு வெள்ளைப் பூ விரிந்திருந்தது. முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, குனிந்து முகர்ந்தேன். மல்லிகை பாதி, நாரத்தம்பூ பாதி. அவ்வளவுதான், நான் திருச்சுழியில் இருந்தேன். வயது இருபத்திரண்டு.

அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. நான் சயின்ஸ் டீச்சர். என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவள் தையல் டீச்சர் ருக்மிணி. அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நான் அவளை "தையலு" என்பேன், அவள் என்னை "சயின்ஸு" என்பாள். பிள்ளைகள் காதில் விழாமல்தான். விழுந்ததும் உண்டு.

அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் வேலியில் இந்தப் பழத்தைத் தின்றிருக்கிறார். நம் களாப்பழத்தின் பணக்கார அண்ணன் மாதிரி இருக்கிறது என்று எழுதி, கடிதத்தோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் விதைகளையும் வைத்து அனுப்பினார். கப்பல்காரர் அனுப்பினால் வாசனை சோப்பு, நைலான் சேலை என்று எதிர்பார்ப்பார்கள். இவளோ அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் குதித்த குதியில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

உடைந்த பானையில் விதை போட்டோம். பல நாள் கழித்து நான்கு முளைத்தன. இனி எல்லாம் என் பொறுப்பு என்று நான் அறிவித்தேன். பட்டப் படிப்பில் தாவரவியல் படித்தவள் இல்லையா? கன்றுகள் அரை முழம் வளர்ந்ததும் கொல்லையின் கரிசல் மண்ணில் குழி வெட்டி நட்டேன். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். கரிசல் தண்ணீரைப் பிடித்தால் விடுமா? இரண்டு கன்றுகள் மஞ்சளாகி, தலை தொங்கி, வேரழுகிச் செத்தன. அண்ணனுக்கு எழுதினோம். பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. "இது கடற்கரை மணலில் வளர்கிற செடி. வெயில் கொல்லாது. தண்ணீர் ஊற்றி நீங்கள் கொல்லாமல் இருந்தால் போதும்."

அந்தக் கடிதத்தை ருக்மிணி எனக்கு மூன்று முறை சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

மிஞ்சிய இரண்டையும் வேர்மண்ணோடு எடுத்தோம். குழியை அகலமாக்கிக் குண்டாற்று மணலைக் கொட்டி, கொஞ்சம் ஆட்டுச் சாணம் கலந்து, மேடாக வைத்து நட்டோம். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை அரிசி கழுவிய தண்ணீர். அவ்வளவுதான். அடுத்த கோடையில் கிணறு அடி கண்டு, ஊரே காய்ந்து கிடந்தபோது இந்த இரண்டு மட்டும் எண்ணெய் தடவியதுபோல் இலை மினுங்க நின்றன. ஆடுகள் வந்து பார்க்கும். கவட்டை போல் பிரிந்த இரட்டை முள் மூக்கில் குத்தியதும், இது நமக்கான விஷயம் இல்லை என்று போய்விடும்.

மூன்றாம் வருடம் பூத்தது. ஐந்து இதழ் வெள்ளை நட்சத்திரங்கள், கொல்லை முழுக்க வாசனை. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கால் நிற்கவில்லை, கடைசி மணி அடித்ததும் ஓட்டம்தான். ஆனால் பூத்த பூவெல்லாம் கொட்டியது. பிஞ்சு என்று ஒன்றுகூட இல்லை. நான்காம் வருடமும் அதே கதை.

வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி, நல்ல மனிதர், ஆனால் காய்க்காத எதையும் அவர் மதிப்பதில்லை. ஒரு நாள் கொல்லைக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"டீச்சர், இந்த எடத்துல மாட்டுத் தொழுவம் கட்டணும். ஆவணி பொறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறேன்."

"ஐயா, இன்னும் ஒரு வருசம் பொறுங்க, காய்ச்சிரும்" என்றாள் ருக்மிணி.

"நாலு வருசமா இதைத்தான் சொல்றீக. முள்ளு இருக்கு, பாலு வடியுது, காய் இல்ல. இதுக்கும் கள்ளிக்கும் என்ன வித்தியாசம்? சரி, ஆடிக்குள்ள ஒரே ஒரு காயைக் கண்ணுல காட்டுங்க. தொழுவத்த மேக்கால தள்ளிக்கிறேன். இல்லையா, வெட்டிப்புடுவேன். அப்புறம் மொகத்தச் சுளிக்கக் கூடாது."

அப்போது ஆனி பிறந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் கரும்பலகையில் பூவின் படம் வரைந்து, சூலகம் இது, மகரந்தம் இது என்று கலர் சாக்பீஸால் பாகம் குறித்தவள் நான். ஆனால் கொல்லையில் இருந்த பூவை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. பார்த்தவள் ருக்மிணி. சாமிக்கு வைக்கப் பூப் பறித்துக் கொண்டிருந்தவள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏ சயின்ஸு, இங்க பாரு. பெரிய செடிப் பூவைத் தொட்டா மஞ்சப் பொடி ஒட்டுது. சின்னச் செடிப் பூவுல ஒண்ணுமே ஒட்டல. ஏன்?"

பிளேடால் இரண்டு பூக்களையும் நீளவாக்கில் கீறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றில் மகரந்தப் பைகள் கொழுகொழுவென்று இருந்தன. மற்றதில் அவை மணி பிடிக்காத சாவிக் கதிர் போல் வெறுமையாக இருந்தன, சூலகம் மட்டும் ஒழுங்காக இருந்தது. "அடியே! இது ஆண் மாதிரி, அது பொண்ணு மாதிரி! பொடியக் கொண்டுபோய்ச் சேக்க ஆள் இல்ல!" அதன் ஊரில் அந்த வேலையைச் செய்கிற பூச்சி எதுவோ, அது கப்பல் ஏறி வரவில்லை.

பூவின் குழல் ஊசித்துளை போல் குறுகல். என் கை நுழைத்த குச்சி எல்லாவற்றையும் கிழித்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு, பூவேலைக்கு வைத்திருந்த பஞ்சு நூலின் நுனியைப் பிரித்து, ஊசிக்காதில் கோத்து, பெரிய செடிப் பூவில் தொட்டுச் சின்னச் செடிப் பூவில் விட்டு எடுத்தாள். துணியில் தையல் போடுகிற அதே லாவகம். செய்து முடித்த பூக்களின் காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினோம். பதினொரு பூ.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் செய்தி பரவிவிட்டது, டீச்சர்கள் செடிக்குத் தாலி கட்டுகிறார்கள் என்று. வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன டீச்சர், கல்யாணத்துக்கு நம்மளக் கூப்பிடல?" என்றார்.

"வளைகாப்புக்குக் கூப்பிடுறோம்யா" என்றாள் ருக்மிணி, செடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நூல் கட்டிய பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆடி பாதி போயிருக்கும், ஒரு விடிகாலை கொல்லையிலிருந்து, "காசிந்தி! காசிந்தி!" என்று ஒரு கூச்சல். காய்த்துவிட்டது என்று சொல்ல அவளுக்குத் தமிழ் மறந்து போயிருந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடினேன். சிவப்பு நூலுக்கு மேலே, மிளகளவில் பச்சையாக இரண்டு பிஞ்சுகள்! வீட்டுக்காரர் வந்தார், குனிந்தார், வெகுநேரம் பார்த்தார். "ஆத்தாடி, மெய்யாத்தான்" என்றார். அன்றைக்கே தொழுவத்துக்கு மேற்கே இடம் அளந்துவிட்டார்.

ஆனால் புரட்டாசியில் அவை நெல்லிக்காயைவிடப் பெருத்துச் சிவந்தபோது வேறொரு பயம் வந்தது. இலையைக் கிள்ளினால் பால். அரளிக்குச் சொந்தமோ என்று தெருவே பேசியது. பழத்தை மட்டும் தின்னலாம், அதுவும் நன்றாகப் பழுத்த பிறகு, இலையும் தண்டும் வாயில் படக்கூடாது என்று அண்ணன் எழுதியிருந்தார். என் கையில் இருந்த ஆதாரம் அந்த ஒரு வரிதான். "கம்பவுண்டர்ட்டக் கேக்காம யாரும் தொடப்படாது" என்று வீட்டுக்காரர் உத்தரவு போட்டார்.

அவர் மருமகள் பேச்சியம்மாளுக்கு அப்போது நான்கு மாதம். அதிர்ந்து பேசாத பெண். சோற்றைக் கண்டாலே குமட்டி, துரும்பாய் இளைத்திருந்தாள். மறுநாள் காலை நாங்கள் கொல்லைக்குப் போனபோது அவள் செடிக்குப் பக்கத்தில் நின்று உதட்டைத் துடைத்துக் கொண்டிருந்தாள். ஒரு பழத்தைக் காணோம்.

"புளிப்பா இருக்கும்னு தோணுச்சு டீச்சர். கை தன்னால போயிருச்சு."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க படிச்சவுக. சொல்லுங்க டீச்சர், ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் ருக்மிணி செடியில் இருந்த மற்ற பழத்தைப் பறித்தாள். இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை, நான் என்ன ஏது என்று கேட்பதற்குள், என் வாயில் திணித்தாள். "பேச்சிக்கு என்ன வருதோ அது எங்களுக்கும் வரட்டும்யா" என்றாள்.

ருசி எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? அன்று அது தெரியவே இல்லை. பால் உதட்டில் பிசுபிசுத்தது மட்டும் ஞாபகம். வீட்டுக்காரர் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக வண்டியில் மாட்டைப் பூட்டிவிட்டு நுகத்தடியைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டிருந்தோம். எனக்கு வயிற்றில் சுருக்கென்றது, தலை சுற்றியது. எல்லாம் பயம். மத்தியானம் பேச்சியம்மாள் எழுந்து உள்ளே போனாள். எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். அடுப்படியில் உட்கார்ந்து மோர்ச்சோறு சாப்பிட்டுக் கொண்டிருந்தாள். பல வாரத்துக்குப் பிறகு, வயிறு நிறைய. நிமிர்ந்து, "அடுத்த காய் எப்பப் பழுக்கும் டீச்சர்?" என்றாள்.

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு, யாருக்கும் முகத்தைக் காட்டாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். நானும் ருக்மிணியும் கட்டிக்கொண்டு குதித்தோம். இரண்டு அரசாங்க ஊழியர்கள் செய்கிற காரியமா அது!

அடுத்த வருடம் வீட்டுக்காரரே ஊசியும் நூலும் கேட்டு வாங்கிக் கொண்டார். இரண்டு செடியிலும் குச்சி ஒடித்து, தெருப் பக்க வேலி முழுக்க நட்டார். தை மாதத்தில் ருக்மிணிக்குக் கல்யாணம் ஆகிச் சேலம் பக்கம் போனாள். எனக்கும் மாற்றல் வந்தது. ஆனாலும் எழுபதுகள் முழுக்க, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலியைப் பார்ப்பேன். மசக்கைக்காரிகள் தெருவில் நின்றபடியே கையை விட்டு, "பேச்சி, ரெண்டு பறிச்சிக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் பறித்துப் போவார்கள். அது அனுமதி கேட்பது இல்லை, தகவல் சொல்வது. உள்ளேயிருந்து, "முள்ளு பாத்து" என்று மட்டும் பதில் வரும்.

ருக்மிணியின் கடிதங்கள் நின்று பல வருடமாகிவிட்டது. வீட்டுக்காரர் இல்லை. பேச்சியம்மாள் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். சென்ற வருடம் அந்தத் தெருவில் நடந்தபோது வேலி இருந்த இடத்தில் என் தலைக்கு மேல் உயர்ந்த காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், கேட்டில் ஒரு பொத்தான். அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "யாரு? என்ன வேணும்?" என்று கேட்டது.

அந்த வீட்டு வாசலில் அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.